அம்மா விரலுக்கு மட்டும் கேக்காத டேப்

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிட்டு வந்ததுல இருந்து ஒரு விஷயம் மனசுல கிடந்து அரிச்சிட்டே இருக்கு. யார்கிட்டயும் முழுசா சொல்லல, சொன்னா "டேப் டச் வேலை செய்யல, அதுக்கு இவ்ளோவா"ன்னு கேப்பாங்க. ஆனா அது டேப் பத்தின விஷயம் மட்டும் இல்ல, அதனால எழுதியே தீர்த்துரலாம்னு உக்காந்திருக்கேன்.

2020ல ஸ்கூல் எல்லாம் மூடினப்போ அக்கா மகளுக்கு ஆன்லைன் கிளாஸுக்குன்னு ஒரு 10 இன்ச் ஆண்ட்ராய்டு டேப் வாங்கிக் குடுத்தேன். அவ காலேஜ் போனதும் அது அம்மாகிட்ட வந்துச்சு. ஊரு கடையம் பக்கம், அப்பா இல்ல, அக்கா வீடு ரெண்டு தெரு தள்ளி, நான் சென்னையில. ராத்திரி எட்டு மணிக்கு அம்மா வீடியோ கால்ல வரணும், அதுக்குத்தான் அந்த டேப். கந்த சஷ்டி கவசம், ரெண்டு சீரியல், என் முகம், இந்த மூணுக்கு மேல அம்மாவுக்கு அதுல ஒண்ணும் வேணாம்.

ஒரு வருஷம் போல நல்லாத்தான் ஓடுச்சு, அப்புறம் அம்மா சொல்ல ஆரம்பிச்சாங்க, "எய்யா, இது எனக்குக் கேக்க மாட்டேங்கு." கேக்க மாட்டேங்குன்னா சத்தம் இல்ல, தொட்டா மதிக்க மாட்டேங்குதுன்னு அர்த்தம். பச்சை பட்டனைத் தொட்டுத் தொட்டுப் பாத்துட்டு இருக்கும்போதே ரிங் நின்னு போயிரும். நான் திரும்பப் போடுவேன், திரும்ப நின்னு போகும். கடைசில அக்கா மக ஓடி வந்து ஒரு தட்டு தட்டுவா, உடனே எடுத்துரும். "பாரு ஆச்சி, லேசாத் தொட்டா போதும், நீங்க போட்டு அமுக்குதீங்க"ன்னு அவ சொல்றது எனக்கும் கேக்கும், நானும் அதையேதான் சொல்லுவேன்.

நான் பாக்குற வேலை சாஃப்ட்வேர் டெஸ்டிங், பதினோரு வருஷமா. ஒரு கோளாறு இருக்குன்னு நாங்க எழுதிப் போட்டா டெவலப்பர் பாத்துட்டு "என் மெஷின்ல ஒழுங்கா ஓடுதே"ன்னு சொல்லி மூடிருவாங்க. இந்த ஒரு வரி மேல எனக்கு இருக்குற கோவம் கொஞ்ச நஞ்சம் இல்ல, புதுசா சேர்ற பசங்களுக்கு முதல் நாளே சொல்லுவேன், உன் மெஷின்ல ஓடுதுன்னா கோளாறு இல்லன்னு அர்த்தம் கிடையாது, உன் மெஷினுக்கும் அந்த மெஷினுக்கும் நடுவுல என்ன வித்தியாசம்னு போய்ப் பாருன்னு. இவ்வளவும் தெரிஞ்ச நான் அம்மாகிட்ட நாலு மாசம் சொன்னது என்னன்னா, "பிள்ளைக்கு ஒழுங்காத்தானம்மா கேக்குது."

போன்லயே பாத்த வைத்தியம்

ஒண்ணும் பண்ணாம இல்ல, பண்ணினேன், எல்லாம் போன்லயே. டச் சுத்தமா செத்துப் போச்சுன்னா ஸ்கிரீன்ல வர்ற ரீஸ்டார்ட்டைக் கூடத் தொட முடியாதுல்ல, அதனால பவர் பட்டனையும் வால்யூம் பட்டனையும் சேத்துப் பிடிச்சு பத்துப் பதினஞ்சு செகண்ட் விடாம அமுக்கச் சொன்னேன். ஆஃப் ஆகி ஆன் ஆச்சு. ஈரம் படாத மெத்துன்னு துணியில தொடைக்கச் சொன்னேன். தட்டையா மேசையில வச்சு ஆடுதான்னு பாக்கச் சொன்னேன், ஏன்னா உள்ள பேட்டரி உப்பினா பின்னாடி இருந்து ஸ்கிரீனை நெட்டித் தள்ளும், டச் கெட்டுப் போறதுக்கு அது ஒரு பெரிய காரணம், அப்படி உப்பியிருந்தா சார்ஜே போடாம ஓரமா வச்சிரணும். ஆடல. சேஃப் மோட்ல போட்டுப் பாத்தோம், ஏதாவது ஆப் கெடுக்குதான்னு. அதுவும் இல்ல.

கடைசில ஃபேக்டரி ரீசெட். அதைச் சொன்னது நான்தான். அம்மா பாத்து பாத்து சேத்து வச்சிருந்த பாட்டெல்லாம் போச்சு, அக்கா மக திரும்ப ஏத்திக் குடுத்தா, ஆனா அம்மா ஃபோட்டோன்னு எடுத்து வச்சிருந்த வாசல் முருங்கை மரம், கன்னுக்குட்டி, மழை பெஞ்ச அன்னைக்குத் தெரு, அதெல்லாம் எங்கயும் ஏத்தி வைக்காதது, வரவே இல்ல. அம்மா அதைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல. எனக்கு இப்ப எழுதும்போதுகூட நெஞ்சு ஒரு மாதிரி இருக்கு.

அதுக்கும் கேக்கலன்னதும் டவுன்ல ஒரு கடைக்கு மச்சான் கொண்டு போனாரு. "டச் போயிருச்சு, தனியா மாத்த முடியாது, காம்போவா மாத்தணும்"னு சொல்லி 3,200 ரூபாய் வாங்கினாங்க. காம்போன்னா மேல இருக்குற டச் கண்ணாடியும் அடியில இருக்குற டிஸ்ப்ளேயும் சேந்து ஒட்டின ஒரே துண்டு, இப்ப வர்ற மாடல் நிறைய அப்படித்தான். மாத்திட்டு அவங்க முன்னாடியே தட்டிக் காட்டினாங்க, மச்சானும் தட்டினாரு, அக்கா மகளும் தட்டினா, எல்லாருக்கும் பளிச்சுன்னு கேட்டுச்சு. அன்னைக்கு ராத்திரி எட்டு மணிக்கு நான் கால் பண்றேன், ரிங் போய்க்கிட்டே இருக்கு, நின்னு போச்சு.

அப்புறம் அம்மா சாதா போன்ல கூப்பிட்டு, "எய்யா, காச வீணாக்காத. எனக்குத் தொடத் தெரியல போல, விடு"ன்னு சொன்னாங்க. டேப்பை ஒரு துண்டுல சுத்தி பீரோ மேல வச்சுட்டாங்கன்னு அக்கா சொன்னா. நானும் விட்டுட்டேன்.

அம்மா சொன்ன மூணு விஷயம்

இந்த நாலு மாசத்துல அம்மா என்கிட்ட மூணு விஷயம் சொல்லியிருக்காங்க. ஒண்ணு, "சார்ஜ் போட்டுக் கிடக்கும்போது அதுவா ஓடுதுய்யா, நான் தொடவே இல்ல." ரெண்டு, "பாத்திரம் வெளக்கிட்டு வந்து தொட்டா கேக்கு, சாயந்தரம் தட்டுல இருந்து எந்திச்சு வந்து தொட்டா கேக்க மாட்டேங்கு." மூணு, "மழை நாள்ல பரவால்ல, இந்தப் பனிக்காலத்துலதான் மோசம்." இதை ஒரு டெஸ்டர் எனக்கு எழுதி அனுப்பியிருந்தா நான் எழுந்து நின்னு கைதட்டியிருப்பேன். எப்ப வருது, எப்ப வரல, எந்தக் காலத்துல கூடுது, எல்லாம் இருக்கு. அம்மா வாயில இருந்து வந்ததால அது எனக்குப் புலம்பலாக் கேட்டுச்சு.

தட்டுன்னு அம்மா சொன்னது பீடித்தட்டு. எங்க பக்கம் வீட்டுக்கு வீடு அதான். அம்மா பதினாலு வயசுல உக்காந்தாங்க, அறுபத்தி ரெண்டு வரைக்கும் சுத்தினாங்க, இப்பவும் சும்மா இருக்க முடியாம கொஞ்சம் சுத்தி அக்கா கணக்குல குடுப்பாங்க. இலையை நனைச்சு வச்சு, தகடு அளவுக்குக் கத்திரியால வெட்டி, தூள் போட்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல ஒரே உருட்டா உருட்டி, நூலைச் சுத்தி, தலைய மடக்கணும். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவுன்னுதான் கணக்கு. அந்த ஆயிரமும் அந்த ரெண்டு விரலோட நுனி வழியாத்தான் போகணும். அம்மாவோட வலது ஆள்காட்டி விரலைத் தொட்டுப் பாத்தா விரல் மாதிரி இருக்காது, நல்லா தேஞ்சு வழவழன்னு ஆன மரப்பிடி மாதிரி இருக்கும். சின்ன வயசுல காய்ச்சல் வந்தா அந்த விரல் நெத்தியில படும்போது ஒரு சொரசொரப்பு, அதுதான் எனக்கு அம்மா கை. ரேஷன் கடையில ரேகை வைக்கச் சொன்னா அம்மாவுக்கு விழாது. பத்து விரலையும் மாத்தி மாத்தி வச்சுப் பாத்து, தொடைச்சுட்டு வைங்க, அழுத்தி வைங்கன்னு வரிசையே நின்னு பாக்கும். இது எங்க வீட்டுல எல்லாருக்கும் தெரியும். ஆனா அந்த ரேகையும் இந்த டேப்பும் ஒரே கைன்னு யாருக்கும் தோணல.

அந்தச் சாயந்தரம்

பொங்கல் அன்னைக்கு சாயந்தரம். டேப்பை பீரோ மேல இருந்து எடுத்தேன், சும்மா என்னன்னுதான் பாப்போமேன்னு. ஆண்ட்ராய்டுல அபவுட்குள்ள போய் பில்டு நம்பரை 7 தடவ தட்டினா டெவலப்பர் ஆப்ஷன்ஸ்னு ஒண்ணு திறக்கும், அதுல பாயிண்டர் லொகேஷன்னு இருக்கு, அதை ஆன் பண்ணா நம்ம விரல் போற பாதையைக் கோடா வரைஞ்சு காட்டும், எத்தனை விரல் படுதுன்னு மேல ஒரு எண்ணும் ஓடும். ஆபீஸ்ல நான் தினம் பாக்குற சங்கதி. நான் விரல வச்சு இழுத்தேன், ஒரே கோடு, அறுபடாம. ஸ்கிரீன்ல செத்த இடம் எதுவும் இருக்கான்னு மேல கீழ, ஓரம் மூலைன்னு நெருக்கி நெருக்கி இழுத்துப் பாத்தேன், கோலமாவு மாதிரி எல்லா இடத்துலயும் விழுந்துச்சு. டச்சுல ஒரு கொறையும் இல்ல.

அப்ப சார்ஜரைச் சொருகினேன். பெட்டியில வந்த சார்ஜர் எப்பவோ போச்சு, இது பஸ் ஸ்டாண்டு பக்கம் 120 ரூபாய்க்கு வாங்கினது. சொருகின அரை நிமிசத்துல, நான் கை வைக்காமலேயே, ஸ்கிரீன்ல கோடு கோடா கிறுக்க ஆரம்பிச்சுச்சு. பிடுங்கினேன், நின்னுச்சு. சொருகினேன், கிறுக்குச்சு. அம்மா பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டே, "நான் சொன்னேம்லா"ன்னாங்க. சத்தமா இல்ல, குத்திக் காட்டுற மாதிரியும் இல்ல, சும்மா சொன்னாங்க.

"இங்க வாங்கம்மா, இதுல விரல வச்சு இழுங்க"ன்னேன். சார்ஜரைப் பிடுங்கிட்டுத்தான் சொன்னேன். அம்மா வலது ஆள்காட்டி விரலை வச்சாங்க. மேல அந்த எண் பூஜ்யம். இழுத்தாங்க, பூஜ்யம். கொஞ்சம் அழுத்தினாங்க, நகம் வெளுக்குற அளவுக்கு அழுத்தினாங்க, பூஜ்யம்தான். கட்டைவிரலை வச்சாங்க, எறும்பு போன மாதிரி ஒரு புள்ளி, அப்புறம் ஒண்ணுமில்ல, அப்புறம் ரெண்டு புள்ளி. நான் எதுவும் பேசல. இடது கை சுண்டுவிரலை வைக்கச் சொன்னேன், வச்சு இழுத்தாங்க, முழுக்கோடு, என் கோடு மாதிரியே அறுபடாம.

அந்தப் பூஜ்யத்தை நான் எவ்வளவு நேரம் பாத்துட்டு இருந்தேன்னு தெரியல. அம்மா விரல் கண்ணாடி மேல இருக்கு, என் கண்ணு முன்னாடி இருக்கு, அந்த மெஷின் அங்க யாருமே இல்லங்குது. நாலு மாசமா அம்மா சொன்னது இதைத்தான், எழுத்துக்கு எழுத்து இதைத்தான். எனக்குக் கேக்க மாட்டேங்குன்னாங்க, "எனக்கு"ங்குற அந்த வார்த்தைய நான் காதுல வாங்கவே இல்ல.

விரல்ல என்னதான் இருக்கு

இப்ப வர்ற டச் ஸ்கிரீன் நம்ம அழுத்தத்தைப் பாக்குறதே இல்ல, மின்சாரத்தைப் பாக்குது. கண்ணாடிக்கு அடியில கண்ணுக்குத் தெரியாத கம்பி மாதிரி குறுக்கயும் நெடுக்கயும் இண்டியம் டின் ஆக்சைடுன்னு ஒரு பொருளைப் பூசியிருப்பாங்க, அது கண்ணாடி மாதிரியே வெளிச்சத்தை விடும், கம்பி மாதிரி கரண்டையும் கடத்தும். ஒவ்வொரு குறுக்குச் சந்திப்புலயும் துளியூண்டு மின்னூட்டம் நிக்கும். நம்ம உடம்பு தண்ணியும் உப்பும் ஆனதுங்கிறதால விரல் கிட்ட போனா அதுல கொஞ்சத்தை இழுத்துக்கும், அந்தக் குறைச்சலைத்தான் உள்ள இருக்குற சிப்பு தொடுதல்னு எடுத்துக்குது. அந்தக் குறைச்சல் ஒரு பிகோஃபாரட்டுக்கும் கம்மி, ஃபாரட்னா மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கிற திறனோட அளவு, பிகோன்னா ஒண்ணுல லட்சம் கோடியில ஒரு பங்கு. அவ்வளவு சின்னதுங்கிறதால சும்மா வர்ற இரைச்சலை எல்லாம் விரல்னு நினைச்சுரக் கூடாதுன்னு ஒரு வரம்பு வச்சிருப்பாங்க, அதுக்குக் கீழ வந்தா கண்டுக்காது.

தோலோட வெளி அடுக்கு செத்த செல்லு, காஞ்சு போனா கரண்டைக் கடத்தாது. காய்ப்பு ஏற ஏற ஈரமான சதை கண்ணாடியில இருந்து தள்ளிப் போயிருது, அதோட வறட்சியும் சேந்தா சிப்புக்குப் போற மாற்றம் வரம்பைத் தொடாது. பாத்திரம் வெளக்கி ஊறின கை கொஞ்ச நேரத்துக்கு ஈரமா இருக்கும், அப்பக் கேக்கும். மார்கழி தையில தோல் வறண்டு வெடிக்கும், அப்பக் கேக்காது. அதுக்கு மேல கீழ விழுந்தா உடையக் கூடாதுன்னு நானே ஒட்டச் சொன்ன தடிமனான டெம்பர்டு கிளாஸ், அது விரலை இன்னும் கொஞ்சம் தள்ளி வச்சுச்சு. அழுத்துறதுனால பெருசா பிரயோசனம் இல்ல, அம்மா நகம் வெளுக்க அழுத்தினதெல்லாம் வீண்.

சார்ஜர் விஷயம் தனி. மலிவான சார்ஜர்ல கரண்டைச் சுத்தப்படுத்துற பாகங்களைக் கொறைச்சுருவாங்க, அந்த இரைச்சல் கேபிள் வழியா டேப்புக்குள்ள வந்து சிப்பைக் குழப்பும், இல்லாத விரலை இருக்குன்னு சொல்ல வைக்கும். ஆக ரெண்டு கோளாறு ஒண்ணு மேல ஒண்ணு கிடந்திருக்கு, ஒண்ணு யாரும் தொடாதப்ப தொட்டதா சொல்லுது, இன்னொண்ணு அம்மா தொட்டும் தொடலங்குது. அம்மா ரெண்டையும் தனித்தனியாத்தான் சொன்னாங்க, நாங்கதான் ரெண்டையும் போட்டுக் கலக்கி டச் போச்சுன்னு ஒரே பேர் வச்சோம்.

இன்னொண்ணும் சொல்லணும். எல்லா டச்சும் இப்படி இல்ல. 2011ல மாணவர்களுக்காகன்னு வந்த முதல் ஆகாஷ் டேப் ரெசிஸ்டிவ் வகை, ரெண்டு அடுக்கை அழுத்தி ஒட்ட வைக்கணும், மெதுவாத்தான் கேக்கும், ஆனா நகம், குச்சி, காய்ச்சுப்போன விரல் எதுக்கும் கேக்கும். அம்மா விரலுக்கு அது போதும். நழுவி ஓடுற வேகத்துக்காக நம்ம எல்லாரும் இந்தப் பக்கம் வந்துட்டோம். மின்சாரத்தைப் பாக்குற இந்த வகைக்குப் பேரு கெபாசிட்டிவ் டச், அந்த யோசனையே 1965ல இங்கிலாந்துல மால்வெர்ன்ல ஈ.ஏ. ஜான்சன்னு ஒருத்தர் எழுதின சின்னக் கட்டுரையில இருக்கு, விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்துறவங்க வேலையை லேசாக்கத்தான் அதைச் சொன்னாரு. அந்த ரூம்ல உக்காந்திருந்தவங்க விரல்ல காய்ப்பு இருந்திருக்காது. தப்புன்னு சொல்லல, ஆனா வரம்பு எங்க வைக்கிறதுன்னு முடிவு பண்ற மேசையில எங்க அம்மா மாதிரி ஒரு விரலையும் வச்சுப் பாத்தாங்களாங்குற கேள்வி எனக்கு இருக்கு, டெஸ்டிங் வேலை பாக்குறவனா அதைக் கேக்காம இருக்க முடியல.

மறுநாள்

மறுநாள் காலைல டெம்பர்டு கிளாஸை உரிச்சேன். செட்டிங்ஸ்ல டிஸ்ப்ளேக்குள்ள டச் சென்சிட்டிவிட்டின்னு ஒண்ணு இருந்துச்சு, ஸ்கிரீன் கார்டு போட்டவங்களுக்காகக் குடுத்தது, எல்லா மாடல்லயும் இருக்காது, இதுல இருந்துச்சு, ஆன் பண்ணேன். நல்ல சார்ஜர் ஒண்ணு வாங்கிட்டு வந்தேன். அம்மா கட்டைவிரலுக்குப் புள்ளி புள்ளியா வந்தது கோடாயிருச்சு, ஆள்காட்டி விரலுக்கு மூணுல ஒரு தடவ கேட்டுச்சு. அப்புறம் ரப்பர் முனை வச்ச குச்சி ஒண்ணு, 150 ரூபாய். அந்தக் குச்சி உலோகம், கை முழுக்கப் பிடிக்கிறதால உள்ளங்கை வழியா உடம்போட சேந்துக்கும், விரல் நுனியை நம்பி இருக்க வேண்டியதில்ல. அம்மா அதை பீடித்தட்டுக் கத்திரிய நூல்ல கட்டி வைக்கிற மாதிரியே டேப் கவர்ல நூல் போட்டுக் கட்டிக்கிட்டாங்க.

அதைப் பாக்க பக்கத்து வீட்டு அத்தை, எதிர்வீட்டு பெரியம்மா, இன்னும் ரெண்டு பேர் வந்துட்டாங்க. நான் அந்தக் கோடு போடுறதைத் திரும்ப ஆன் பண்ணிக் குடுத்தேன். ஒவ்வொருத்தரா வலது ஆள்காட்டி விரலை வச்சு இழுத்தாங்க. அத்தைக்கு வரல. பெரியம்மாவுக்கு வரல. பெரியம்மா கைய இழுத்துக்கிட்டு, விரலைத் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க, "எம்மா, நான் என் பேரன் போனைத் தொட்டுட்டு எனக்குத்தான் கூறு இல்லன்னு நினைச்சேனே"ன்னாங்க. அப்புறம் எங்க அம்மா சொல்லிக் குடுத்தாங்க, "அந்தக் கை வேண்டாம் மைனி, இடக்கை சுண்டுவிரல வைங்க." பெரியம்மா வச்சாங்க, கோடு வந்துச்சு, இழுத்து இழுத்து ஒரு வட்டம் போட்டு, வட்டத்தை முட்ட வைக்கிற வரைக்கும் கையை எடுக்கவே இல்ல.